உப்பு நண்பனா, எதிரியா? ஒரு நூற்றாண்டுக் கணக்கு



"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று ஒரு பழமொழி. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று இன்னொன்று. சம்பளம் என்ற சொல்லே, சம்பா நெல்லையும் அளத்து உப்பையும் கூலியாகக் கொடுத்த காலத்தில் வந்தது என்று சொல்வார்கள். இப்படித் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு பொருளைத்தான் இன்று டாக்டரிடம் போனால் முதல் வேலையாகக் குறைக்கச் சொல்கிறார். தாத்தாவுக்கு மட்டும் உப்புக் குறைவாக ஒரு கிண்ணத்தில் குழம்பு எடுத்து வைக்கும் வீடுகள் எத்தனையோ.

இன்னொரு பக்கம், "உப்பு கெடுதல் என்பதெல்லாம் சும்மா, விஞ்ஞானிகளே ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் முழுப் பொய் இல்லை. நூறு வருடத்துக்கும் மேலாக இந்தச் சண்டை உண்மையிலேயே நடந்திருக்கிறது.

நான் வணிகவியல் மாணவன். மருத்துவம் எனக்குப் பாடம் இல்லை. ஆனால் இந்த உப்பு வழக்கின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது: இது பாதி மருத்துவம், மீதி பாதி கணக்குப்பதிவு. ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்புச் சாப்பிடுகிறான் என்று சரியாக எழுத முடியாததால்தான் இத்தனை வருடம் வழக்கு இழுத்தது. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

முதலில் வரவு செலவு

நாம் சாப்பிடும் உப்பு என்பது சோடியம் குளோரைடு. எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் சோடியம். அதாவது 5 கிராம் உப்பில் 2 கிராம் சோடியம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பின்னால் வரும் எண்கள் எதுவும் புரியாது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோடியம் இல்லாமல் உயிர் இல்லை. நரம்பில் செய்தி போவதற்கும், தசை சுருங்குவதற்கும், உடம்பில் நீர் சரியான அளவில் நிற்பதற்கும் அது வேண்டும். உள்ளே வந்த சோடியத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். கொஞ்சம் வியர்வையில் போகும். வரவு அதிகமானால் செலவும் அதிகமாக வேண்டும். சிறுநீரகத்தால் உடனே செலவு செய்ய முடியாவிட்டால், மிஞ்சிய சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தக் குழாயில் ஓடும் திரவம் கூடும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் அதிக உப்பை வெளியே தள்ளும். ஆக, கணக்கு கடைசியில் நேராகிவிடும். ஆனால் அதற்கான விலை, ஏறிய ரத்த அழுத்தம். வருடக்கணக்கில் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டே இருப்பது மூளையிலும் இதயத்திலும் உள்ள ரத்தக் குழாய்கள்தான்.

இது இன்றைக்கு நமக்குத் தெரிந்த விளக்கம். 1900-இல் யாருக்கும் இது தெரியாது.

பாரிஸ், 1904

ரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலி நாட்டு டாக்டர் ரிவா ரோச்சி 1896-இல் கொண்டு வந்தார். அளக்க ஒரு கருவி வந்த பிறகுதான் "இது ஏன் சிலருக்கு அதிகமாக இருக்கிறது?" என்ற கேள்வியே வந்தது.

1904-இல் பாரிஸில் அம்பார், போஜார் என்ற இருவர் ஒரு சில நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டில் போகும் உப்பையும் சிறுநீரில் வெளியே வரும் உப்பையும் எழுதி வைத்தார்கள். உள்ளே போவது அதிகம், வெளியே வருவது குறைவு என்றால் பி.பி. ஏறியது. உப்பைக் குறைத்தால் இறங்கியது. நன்றாகக் கவனியுங்கள், உப்பு வழக்கின் முதல் சாட்சியமே ஒரு வரவு செலவுக் கணக்குதான்.

ஆனால் நோயாளிகள் மிகக் குறைவு. மற்றவர்கள் செய்து பார்த்தபோது சிலருக்கு அதே முடிவு வந்தது, சிலருக்கு வரவில்லை. அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற டாக்டர் 1920-களின் தொடக்கத்தில் உப்பில்லாச் சாப்பாட்டை வலியுறுத்தினார். பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. அப்போது பல டாக்டர்களின் நம்பிக்கையே வேறு. வயதானால் ரத்தக் குழாய் இறுகும், இறுகிய குழாயில் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடத்தானே வேண்டும், அதைக் குறைப்பது ஆபத்து என்று நினைத்தார்கள்.

மறுபக்கம்: உப்புக் குறைந்தால்?

நம் ஊரில் உப்பு என்றால் நினைவுக்கு வருவது 1930. மார்ச் 12-ஆம் தேதி காந்தி தண்டிக்கு நடக்கத் தொடங்கினார். ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். உப்பு வரி ஏன் அவ்வளவு பெரிய அநியாயமாகப் பட்டது? வெயிலில் வேலை செய்து வியர்வை சிந்துபவனுக்கு உப்பு ஆடம்பரம் இல்லை, தேவை. பணக்காரன், ஏழை யாராக இருந்தாலும் உப்பு இல்லாமல் முடியாது. வாங்காமல் இருக்க முடியாத பொருளின் மேல் போடும் வரி ஏழையைத்தான் அதிகம் அடிக்கும் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எளிய விதி.

அந்தத் தேவையை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் ராபர்ட் மெக்கான்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். 1930-களின் நடுவில் லண்டனில் அவர் தன்னார்வலர்களுக்கு உப்பே இல்லாத உணவைக் கொடுத்தார், வெப்பத்தில் படுக்க வைத்து வியர்க்கவும் வைத்தார். தன்னையும் அதில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார். சில நாட்களில் தசைப்பிடிப்பு வந்தது, சோர்வு வந்தது, கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்கியது, சாப்பாட்டில் ருசியே போய்விட்டது. உப்பை மறுபடி சாப்பிட்டதும் சரியாகிவிட்டது.

எனவே "உப்பு விஷம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பூஜ்யத்தில் ஆபத்து இருக்கிறது. கேள்வி அளவைப் பற்றியது மட்டுமே.

ஒரு ஜனாதிபதியின் பி.பி.

உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்தே இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி, அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

1944 மார்ச்சில், இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, ஹோவர்ட் ப்ரூயென் என்ற இதய டாக்டர் அவரைப் பரிசோதித்தார். பி.பி. 186/108. இதயம் பலவீனமாகி, பெரிதாகி இருந்தது. உலகத்தின் சக்தி வாய்ந்த மனிதர், ஆனால் கொடுக்கக்கூடிய வைத்தியம்? ஓய்வு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், உப்புக் குறைந்த சாப்பாடு. அவ்வளவுதான். பி.பி. ஏறிக்கொண்டே போனது. 1945 ஏப்ரல் 12 அன்று தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொன்னார், மயங்கி விழுந்தார். அப்போது அவருடைய பி.பி. 300/190. மூளையில் ரத்தக் கசிவு. அன்றே இறந்தார். வயது 63.

அரிசி வைத்தியம்

அதே நேரத்தில் அமெரிக்காவின் வட கரோலினாவில், டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு விசித்திரமான வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனியை விட்டு வந்த வால்டர் கெம்ப்னர் என்ற டாக்டர், கடுமையான பி.பி.யும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு அரிசிச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை இவற்றை மட்டும் கொடுத்தார். உப்பு சுத்தமாகக் கிடையாது. ஒரு நாள் முழுவதும் உள்ளே போகும் சோடியம் 150 மில்லிகிராமுக்கும் கீழே.

ஒரு கதை சொல்வார்கள். ஒரு பெண் நோயாளியை இரண்டு வாரம் இந்தப் பத்தியம் இருந்துவிட்டு வரச் சொன்னார் கெம்ப்னர். அவருடைய ஜெர்மன் உச்சரிப்பு புரியாமல் அந்த அம்மாள் இரண்டு மாதம் கழித்து வந்தார். பயந்துபோய்ப் பரிசோதித்தால், பி.பி. இறங்கி, வீங்கிய இதயம் சுருங்கி, கண்ணின் உள்ளே இருந்த ரத்தக் கசிவுகளும் மறைந்திருந்தன!

கெம்ப்னர் வெளியிட்ட எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மற்ற டாக்டர்கள் நம்பவே மறுத்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது. இந்தப் பத்தியத்தில் உப்பு மட்டுமா இல்லை? கொழுப்பும் இல்லை, புரதமும் குறைவு, எடையும் இறங்குகிறது. பலன் எதனால் வந்தது? ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரணச் சாப்பாடு சாப்பிட்ட இன்னொரு குழு அவரிடம் இல்லை. அதோடு வெறும் சோறும் பழமும் எத்தனை மாதம் சாப்பிட முடியும்?

1958-இல் குளோரோதியசைடு என்ற மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பத்தியம் தேவையில்லை, ஒரு மாத்திரை போதும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த மாத்திரை என்ன செய்கிறது தெரியுமா? சிறுநீரகத்தை அதிக சோடியத்தை வெளியேற்ற வைக்கிறது! வரவைக் குறைக்க முடியாதவர்களுக்குச் செலவைக் கூட்டிக் கொடுத்தார்கள். கணக்கு ஒன்றுதான்.

டால் வரைந்த கோடு

இனி வருபவர் லூயிஸ் டால். (சாம்பாருக்குப் போடும் டால் இல்லை :)) நியூயார்க் அருகே உள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1960-இல் அவர் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதில் ஐந்தே புள்ளிகள். அலாஸ்காவின் எஸ்கிமோக்கள், மார்ஷல் தீவு மக்கள், அமெரிக்கர்கள், தென் ஜப்பானியர், வட ஜப்பானியர். ஒரு பக்கம் அவர்கள் சாப்பிடும் உப்பு, இன்னொரு பக்கம் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் சதவீதம். எஸ்கிமோக்கள் நாளுக்குச் சுமார் 4 கிராம், வட ஜப்பானியர் சுமார் 27 கிராம். ஐந்து புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் ஏறின.

பார்த்ததும் நம்பத் தோன்றும். ஆனால் புள்ளியியல் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்களே, இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறுவதால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது என்று. எஸ்கிமோவுக்கும் ஜப்பானியருக்கும் உப்பு மட்டுமா வித்தியாசம்?

டால் எலிகளிடம் போனார். உப்புச் சாப்பிட்டால் பி.பி. ஏறும் எலிகளைத் தனியாகவும், எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாத எலிகளைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்து இரண்டு வம்சங்களை உருவாக்கினார். பிறகு ஒன்றின் சிறுநீரகத்தை எடுத்து மற்றதற்குப் பொருத்திப் பார்த்தார். பி.பி. சிறுநீரகத்தின் பின்னாலேயே போனது. உப்பை எல்லா உடம்பும் ஒரே மாதிரி தாங்குவதில்லை என்பதும், அது பரம்பரையில் வரலாம் என்பதும் இதிலிருந்து தெரிந்தது. "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் ஊறுகாயும் கருவாடுமாகத்தான் சாப்பிட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த எலிகளிடம் இருக்கிறது.

எதிர்த்தவர்கள் இதையும் விடவில்லை. எலிகளுக்குக் கொடுத்த உணவில் 8 சதவீதம் உப்பு, எந்த மனிதனும் அந்த அளவு சாப்பிட மாட்டான் என்றார்கள். அதுவும் சரிதான். ஆனாலும் கடையில் விற்ற குழந்தை உணவை எலிகளுக்குக் கொடுத்து டால் எழுப்பிய கேள்வி கம்பெனிகளை யோசிக்க வைத்தது. 1970-களில் அமெரிக்கக் குழந்தை உணவுகளில் உப்பைக் குறைத்தார்கள்.

நிரூபணத்துக்குக் காத்திராத இரண்டு நாடுகள்

விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது சாவு காத்திருக்காது அல்லவா?

வட ஜப்பானின் அகிதா பகுதியில் பனிக்காலம் நீண்டது. காய்கறியையும் மீனையும் உப்பில் ஊறவைத்துத்தான் குளிர்காலத்தை ஓட்ட வேண்டும். மிசோ சூப், உப்பு ஊறுகாய், உப்பு மீன் என்று மூன்று வேளையும் உப்புத்தான். பக்கவாதச் சாவில் ஜப்பானிலேயே முன்னணியில் இருந்த பகுதி அது. உப்பைக் குறைக்கச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது, வீடு வீடாகப் பி.பி. அளந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி வந்ததும் உப்பில் ஊறவைக்க வேண்டிய அவசியமும் குறைந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஜப்பானில் பக்கவாதச் சாவு பெரிய அளவில் சரிந்தது.

ஃபின்லாந்தில் வடக்கு கரேலியா பகுதியில் 1972-இல் ஒரு திட்டம் தொடங்கியது. இளம் டாக்டர் பெக்கா புஸ்கா தலைமையில் புகை, கொழுப்பு, உப்பு மூன்றையும் குறைக்கக் கிளம்பினார்கள். பின்னர் அது நாடு முழுவதும் பரவியது. உப்பு அதிகம் உள்ள பாக்கெட்டில் "அதிக உப்பு" என்று அச்சடிக்க வேண்டும் என்று 1993-இல் சட்டம் வந்தது. எந்தக் கம்பெனி தன் பொருளில் அப்படி அச்சடிக்க விரும்பும்? செய்முறையை மாற்றிக்கொண்டார்கள். 1979-இல் நாளுக்குச் சுமார் 12 கிராமாக இருந்த உப்பு, 2002-இல் 9 கிராமுக்கும் கீழே வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் வெகுவாகக் குறைந்தன.

இரண்டுமே பெரிய வெற்றிகள்தான். ஆனால் உப்புக்கு எதிரான சாட்சியமாக வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எளிதாக உடைத்துவிடுவார். ஜப்பானில் மருந்தும் வந்தது, ஃபின்லாந்தில் சிகரெட்டும் குறைந்தது. இதில் உப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவது எப்படி?

52 ஊர்கள், இரண்டு தீர்ப்புகள்

1988-இல் "இன்டர்சால்ட்" என்ற மாபெரும் ஆய்வு வந்தது. 32 நாடுகள், 52 ஊர்கள், 10,079 பேர். இந்த முறை கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டது. ஒவ்வொருவரிடமும் 24 மணி நேரச் சிறுநீரை முழுவதுமாகச் சேகரித்தார்கள். சாப்பிட்ட உப்பில் பெரும்பகுதி அதில் வந்துவிடும் என்பதால், "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதுவதைவிட இது நம்பகமானது.

அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்கள் உப்பே சேர்ப்பதில்லை. அவர்களுடைய சராசரி பி.பி. சுமார் 96/61. வயதானாலும் ஏறவில்லை! ஆனால் யானோமாமி போன்ற நான்கு ஒதுங்கிய மக்களை நீக்கிவிட்டு மீதி 48 ஊர்களை மட்டும் பார்த்தால், உப்பு அதிகம் சாப்பிடும் ஊரில் பி.பி. அதிகம் என்று காட்ட முடியவில்லை. அதே 48 ஊர்களில், உப்பு அதிகமான இடங்களில் வயதாக ஆக பி.பி. வேகமாக ஏறியது மட்டும் தெரிந்தது.

ஆக, இரண்டு கட்சியும் "நாங்கள்தான் ஜெயித்தோம்" என்றார்கள் :) அமெரிக்க உப்பு உற்பத்தியாளர்களின் சங்கமான சால்ட் இன்ஸ்டிடியூட், மூல எண்களைக் கொடு என்று கேட்டு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றது. (1914-இல் தொடங்கிய அந்தச் சங்கம் 2019-இல் மூடப்பட்டது.) வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அவர்கள் வேகம் புரியும். உப்பு மிக மலிவான மூலப்பொருள், ருசியைக் கூட்டும், நாள்பட வைக்கும். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் விலை கூடிய எதையாவது போட வேண்டும்.

அடுத்து 2001-இல் வந்தது "டாஷ்-சோடியம்" சோதனை. இதில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. 412 பேருக்கும் சாப்பாட்டைச் சமைத்தே கொடுத்தார்கள். உப்பு அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று அளவு, ஒவ்வொன்றும் 30 நாள். உப்பு இறங்க இறங்க பி.பி. படிப்படியாக இறங்கியது. சாதாரண அமெரிக்கச் சாப்பாட்டிலேயே, உப்பை மட்டும் குறைத்ததில் மேல் எண் சராசரியாக 6.7 புள்ளி குறைந்தது.

உப்பு பி.பி.யை ஏற்றுமா என்ற கேள்விக்கு இத்தோடு பதில் கிடைத்துவிட்டது. ஆனால் பி.பி. என்பது மீட்டரில் தெரியும் ஓர் எண். உப்பைக் குறைத்தால் உண்மையிலேயே சாவு குறையுமா?

2014: வழக்கு தலைகீழ்

2014-இல் "ப்யூர்" என்ற ஆய்வு வெளிவந்து எல்லோரையும் அதிர வைத்தது. இந்தியா உட்பட 17 நாடுகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இந்தியாவில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுஃப் தலைமையிலான குழு. நாளுக்கு 3 முதல் 6 கிராம் சோடியம் (அதாவது 7.5 முதல் 15 கிராம் உப்பு) சாப்பிடுபவர்களுக்குத்தான் ஆபத்து மிகக் குறைவு, அதற்கு மேலே போனாலும் ஆபத்து, கீழே போனாலும் ஆபத்து என்றது அந்த ஆய்வு. உலக சுகாதார நிறுவனமோ 5 கிராம் உப்புக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. எதை நம்புவது?

இங்கேதான் கணக்குப்பதிவு மறுபடி வருகிறது. ஒரு லட்சம் பேரிடம் 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் காலையில் ஒரே ஒரு முறை கொடுத்த சிறுநீரை எடுத்து, வயது, எடை, உயரம் எல்லாம் போட்டு ஒரு சூத்திரத்தால் முழு நாள் உப்பைக் கணித்தார்கள். ஒரு மளிகைக் கடையில் காலை எட்டு மணிக்குக் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அந்தக் கடையின் வருட விற்பனையை எழுதுவது மாதிரி. ஆயிரம் கடைகளின் சராசரிக்கு அது ஓரளவு சரியாக வரலாம். தனி ஒரு கடைக்கு? அதோடு வயதும் எடையும் தனியாகவே ஆயுளைப் பாதிப்பவை. அவை சூத்திரத்துக்குள் நுழைந்தால் உப்பின் கணக்கில் அவற்றின் பற்றும் சேர்ந்து ஏறிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏற்கெனவே நோயாளியாக இருப்பவர் பசி குறைந்து குறைவாகச் சாப்பிடுவார், அல்லது டாக்டர் சொல்லி உப்பைக் குறைத்திருப்பார். அவர் இறந்தால் "குறைந்த உப்பு, மரணம்" என்று ஒரே வரியில் பதிவாகும். எது முதலில் வந்தது என்பது ஏட்டில் தெரியாது.

பிறகு, ஒவ்வொருவரிடமும் குறைந்தது இரண்டு முறை 24 மணி நேரச் சிறுநீர் சேகரித்த ஆறு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 10,709 பேர். முடிவு 2022-இல் அச்சானது. நாளுக்கு 1000 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பு, கூடக்கூட இதய நோய் ஆபத்து 18 சதவீதம் கூடியது. கீழ்ப்பக்கத்தில் ஆபத்து மறுபடி ஏறவில்லை. ஏட்டை ஒழுங்காக எழுதினால் முடிவு வேறு மாதிரி வருகிறது!

600 கிராமங்கள்

ஆனாலும் மேலே சொன்னது கவனித்து எழுதிய ஆய்வுதான், சோதனை இல்லை. கடைசி சாட்சியம் சீனாவின் கிராமங்களிலிருந்து வந்தது.

2014-இல் தொடங்கி, 600 கிராமங்களில் 20,995 பேரைச் சேர்த்தார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது கடந்து பி.பி. உள்ளவர்கள். குலுக்கல் முறையில் பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிப் பாதிக்கு, முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த மாற்று உப்பு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. "இதைச் சாப்பிடாதே, அதைச் சாப்பிடாதே" என்ற பத்தியம் கிடையாது. வழக்கமான சமையல்தான், உப்பு டப்பா மட்டும் வேறு. ஏறத்தாழ ஐந்து வருடம் காத்திருந்தார்கள்.

யார் எத்தனை கிராம் சாப்பிட்டார் என்று அளந்து சண்டை போட வேண்டிய தேவையே இதில் இல்லை. எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணினால் போதும்.

2021-இல் முடிவு வந்தது. மாற்று உப்புக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. மரணம் 12 சதவீதம் குறைவு. அந்த உப்பின் விலை சாதாரண உப்பைப் போல ஒன்றரை மடங்கு. அவ்வளவுதான்.

பலனில் எவ்வளவு சோடியம் குறைந்ததால், எவ்வளவு பொட்டாசியம் கூடியதால் என்று இதிலும் முழுதாகப் பிரிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு சமையலறைக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இப்படிப்பட்ட உப்புக்கு மாறலாம் என்று பரிந்துரைத்தது. ஒரு முக்கியமான எச்சரிக்கையோடுதான்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து, ஏனென்றால் அவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பரிந்துரை இல்லை. சில பி.பி. மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். எனவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் உப்பு டப்பாவை மாற்ற ஓடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

நம் கணக்கு

1904 முதல் 2021 வரை, 117 வருடம். இவ்வளவு காலம் வழக்கு நடந்ததற்குக் கம்பெனிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எதிர்த்தவர்கள் கேட்ட கேள்விகளில் பல நியாயமானவை. அவர்கள் கேட்டதால்தான் ஐந்து புள்ளி வரைபடத்திலிருந்து 600 கிராமச் சோதனை வரை சாட்சியம் வளர்ந்தது. ஆனால் "இன்னும் சண்டை முடியவில்லை, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று இன்றும் சொல்வது சரியில்லை. மிச்சம் இருக்கும் சண்டை, அடிமட்ட அளவு எது என்பதைப் பற்றியது. உலகம் சராசரியாகச் சாப்பிடுவதோ நாளுக்கு 10.8 கிராம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை சொல்கிறது. வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. நாம் மாடியில் நின்றுகொண்டு அடித்தளத்தின் ஆழத்தைப் பற்றி வாதாடுகிறோம்.

மேல்நாட்டில் உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கம்பெனித் தயாரிப்புகளிலும் ஓட்டல் சாப்பாட்டிலும் வருகிறது. அங்கே தனி மனிதன் நினைத்தாலும் குறைக்க முடியாது, ஃபின்லாந்து மாதிரி சட்டம்தான் வேண்டும். நம் நாட்டில் பெரும்பகுதி இன்னும் வீட்டுச் சமையலில், நம் கையால் போடுவது. சாம்பார், ரசம், பொரியல் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியே உப்பு, அதன் மேல் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய். எந்தக் கம்பெனியையும் கேட்காமல், எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் நாமே குறைக்க முடியும். ஆனால் பாக்கெட் தின்பண்டம் பெருகப் பெருக இந்தச் சுதந்திரம் நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை கடையில் ஒரு பாக்கெட்டை எடுத்தால் பின்பக்கம் திருப்பிச் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று இருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள். 2 கிராம் உப்பு. ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு, மாலை டீயோடு போய்விடும்.

தாத்தாவுக்கு மட்டும் தனியாக எடுத்து வைக்கும் அந்த உப்புக் குறைந்த குழம்பு இருக்கிறதே, அதையே வீட்டில் எல்லோரும் சாப்பிட்டால் என்ன? ரத்தக் குழாயின் கணக்கு அறுபது வயதில் தொடங்குவதில்லை. நம் வயதில்தான் தொடங்குகிறது.